சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

சர்க்கரை நோய் இருப்பதாகப் புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு மாத்திரைச் சீட்டும் உணவுப் பட்டியலும் உடனே கைக்கு வந்துவிடுகின்றன. செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள் என்று மட்டும் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. அவர்களில் காலை இழக்க நேர்பவர்களின் கதையைப் பின்னோக்கிக் கேட்டால், பெரும்பாலும் அது ஒரு கொப்புளத்தில், ஒரு பித்தவெடிப்பில், செருப்பு வார் உரசிய ஒரு சிறு சிராய்ப்பில் போய் நிற்கும். அந்தத் தொடக்கத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துத் தடுக்க முடியும். அதற்கான வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

பாதத்தில் என்ன நடக்கிறது

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும் என்பதால், பாதிப்பு கால் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணியும் பகுதி முழுவதும் மெல்ல மேலேறும். தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு கெட்டால் வலியும் சூடும் தெரியாது. சிறு தசைகளை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கி, முன்பாதத்து எலும்பு முனைகள் கீழே துருத்தி, உடம்பின் எடை முழுவதும் இரண்டு மூன்று புள்ளிகளில் இறங்கும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு வெடிக்கும். இதோடு காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களும் அடைபட்டால், வந்த புண் ஆறுவதற்கு வழியில்லாமல் போகிறது.

சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற தடுமாற்றம் ஆகியவை முன்னறிவிப்பாக வரும். வேறு பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரியாமல் நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு முறை நடந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடம்பில் தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், "எனக்கு இப்போதுதானே வந்தது" என்று பாதத்தை விட்டுவிடுவதற்கில்லை. காலில் ஒரு காயம் இருந்து அது வலிக்கவும் இல்லை என்றால், வலிக்கிற காயத்தைவிட அதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படுகிற ஒவ்வொரு பழக்கமும், உணர்வு செய்துவந்த காவல் வேலையைக் கண்ணுக்கும் கைக்கும் மாற்றிக்கொடுப்பதற்காகத்தான்.

முதல் வேலை: உங்கள் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இரண்டு பாதங்களையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். அது வளையும் அளவுக்கு அழுத்தியும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பாதத்தைக் காக்கும் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பதுண்டு. சில மருத்துவமனைகளில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி அதிர்வு எப்போது தெரிகிறது என்று பார்க்கும் பயோதீசியோமீட்டர் என்ற கருவி இருக்கும். 25 வோல்ட்டுக்கு மேல் கூட்டினால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் அதிகம். இரத்த ஓட்டத்தை அறிய பாதத்து நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐயம் இருந்தால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் காலின் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் பாதப் பரிசோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போதே இதைப் பற்றி விசாரிக்கலாம்.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான முறை அது. நோயாளி செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எந்தக் காலில் தொடுதலை உணர்ந்தாலும் வலது என்றோ இடது என்றோ சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் முதலில் வலது கட்டைவிரல், பிறகு வலது சுண்டுவிரல், அதன்பின் இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு விரல்களின் நுனியை மட்டும் தொட வேண்டும். ஒவ்வொரு தொடுதலும் ஒன்றிரண்டு நொடிதான். அழுத்துவதோ தட்டுவதோ வருடுவதோ கூடாது. பதில் வரவில்லை என்றால் அந்த விரலை மறுபடி தொடாமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இந்த இடத்தில் பாசம் குறுக்கே வரும். அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று மகள் கொஞ்சம் அழுத்தித் தொட்டுவிட்டால் சோதனையே வீணாகிவிடும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லை என்றால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் முறையான பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொறுத்துத்தான் அடுத்த சந்திப்பு எப்போது என்பது அமையும். உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ஒரு முறையும், இரண்டும் குறைந்திருந்தாலோ ஒன்று குறைந்து பாத வடிவமும் மாறியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் காட்ட வேண்டும். உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்து, ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களும் விரலோ காலோ இழந்தவர்களும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும்.

தினமும் பாதத்தைப் பார்ப்பது எப்படி

இதற்கென்று ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடும் நேரம் பலருக்கு வசதியாக இருக்கிறது, ஏனென்றால் அன்று நடந்த நடைக்கெல்லாம் கணக்கு அப்போதுதான் பாதத்தில் எழுதப்பட்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மற்றொரு தொடைமேல் வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களும் வயிறு இடிப்பவர்களும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து அதன் மேலாகப் பாதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். கைப்பேசியில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். சர்க்கரையால் கண்பார்வையும் மங்கியிருப்பவர்கள் இந்த வேலையைத் தாமே செய்வதாக வைத்துக்கொள்ளவே கூடாது. வீட்டிலுள்ளவர்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு வரிசை இருந்தால் எந்த இடமும் விடுபடாது. விரல் நுனிகள், நகத்தின் ஓரங்கள், நான்கு விரலிடுக்குகள், முன்பாதத்தின் அடிப்பகுதி, உள்ளங்கால் வளைவு, குதிகாலின் விளிம்பு, கணுக்காலின் இரு பக்கங்கள், பிறகு மேல்பாதம் என்று சுற்றிவாருங்கள். விரலிடுக்கைப் பார்க்க விரல்களைக் கையால் விலக்க வேண்டும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால், வெள்ளையாக ஊறி உரிந்திருக்கும் சேற்றுப்புண் கண்ணில் படாது. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, புதிதாகத் தடித்த காய்ப்பு, காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாகத் தெரியும் இரத்தக்கட்டு, நகத்தைச் சுற்றிய வீக்கம், எங்கிருந்தாவது வரும் நீர்க்கசிவு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். காய்ப்பின் கீழே நிறம் மாறியிருந்தால் மேல்தோல் மூடியிருந்தாலும் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காலுறையிலோ கோரைப்பாயிலோ மஞ்சள் கறை ஒன்று தெரிந்த பிறகுதான் பல வீடுகளில் புண்ணே கண்டுபிடிக்கப்படுகிறது.

பார்த்து முடித்ததும் புறங்கையால் இரண்டு பாதங்களையும் ஒரே இடத்தில் தொட்டு வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஒரு பாதத்தின் ஓர் இடம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், தோல் உடையும் முன்பே உள்ளே அழற்சி தொடங்கியிருக்கக்கூடும். வெப்பமானி வைத்து அளப்பவர்கள், இரு பாதங்களின் ஒரே இடத்துக்கு இடையே 2.2 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டை எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் அந்தச் சூடு தொடர்ந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கழுவுவதும் துடைப்பதும்

பாதத்தை நாள்தோறும் மென்மையான சோப்பால் கழுவுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக, 37 டிகிரிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். காலை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டு, முழங்கையை நனைத்துப் பாருங்கள். வீட்டில் யாரையாவது கைவைத்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. கால்வலிக்குக் கல்லுப்பு போட்ட சுடுநீரில் பாதத்தை ஊறவைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வைத்தியம். உணர்வு குறைந்த காலுக்கு அது இரட்டைக் கேடு. ஒன்று, வெந்துபோனாலும் தெரியாது. மற்றொன்று, ஊறிய தோல் எளிதில் கிழியும். இதே காரணத்தால் சுடுநீர்ப் பை, மணல் ஒத்தடம், செங்கல் ஒத்தடம் எதுவும் பாதத்துக்கு வேண்டாம்.

கழுவிய பின் பழைய மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சை வளரும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்பவர்கள், வயலில் இறங்கி வேலை செய்பவர்கள், சலவைத் தொழில் செய்பவர்கள் ஆகியோர் ஒவ்வொரு முறையும் இடுக்குகளைத் துடைக்கக் கைக்குட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. துடைத்த பிறகு குதிகாலிலும் உள்ளங்காலிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மருத்துவர் சொல்லும் யூரியா கலந்த களிம்போ தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். எண்ணெய் தடவிய காலோடு வழவழப்பான டைல்ஸ் தரையில் நடந்து விழுந்தவர்கள் உண்டு, எனவே தடவியதும் காலுறை அணிந்துகொள்ளுங்கள். பித்தவெடிப்பைக் கருங்கல்லில் தேய்ப்பதும், உரிந்து நிற்கும் தோலைப் பிய்ப்பதும் வேண்டாம்.

நகமும் காலாணியும்

நகத்தைக் குளித்தபின் இளகியிருக்கும்போது, நகவெட்டியால் நேர்கோட்டில் வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே தோண்டி வளைத்து வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் குத்தி நகச்சுற்றில் முடியும். கூர்முனை இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். பார்வை குறைந்தவர்களும் நகம் தடித்துப்போனவர்களும் வேறொருவரை வெட்டச் சொல்ல வேண்டும்.

காலாணியையும் காய்ப்பையும் சவரபிளேடால் சீவுவது, மருந்துக்கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவது ஆகிய இரண்டையும் அடியோடு தவிர்க்க வேண்டும். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் காலாணிக்கும் நல்ல தோலுக்கும் வேறுபாடு பார்க்காது. காய்ப்பு என்பது அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்று பாதம் எழுதிக்கொடுக்கும் புகார். அதைச் சீவும் வேலை மருத்துவருடையது. அழுத்தத்தைக் குறைக்கும் வேலை செருப்பினுடையது. மெட்டி அணியும் பெண்கள், விரல் வீங்கும் நாட்களில் அது இறுக்குகிறதா என்று சுழற்றிப் பார்க்க வேண்டும்; சுழலவில்லை என்றால் பொற்கொல்லரிடம் போய்த் தளர்த்திக்கொள்ளலாம்.

செருப்பைத் தேர்ந்தெடுப்பது

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தபோது, அந்தப் புண்களுக்கு முக்கியக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, உணர்வற்ற பாதத்தின் மேல் மறுபடி மறுபடி விழும் அழுத்தமும் காயமுமே என்று விளக்கினார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் நுண்துளை ரப்பர் செருப்புகள், புண்ணுள்ள காலைப் பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டில் வைத்து ஆற்றுவது போன்ற முறைகள் தொழுநோய் மருத்துவத்தில் பயன்பட்டு, பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தன. இன்று செருப்புக்கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைப்பது அந்த நுண்துளை ரப்பர் வைத்த செருப்புதான்.

ஆனால் எம்.சி.ஆர். என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். மேல்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாக அமுங்கி, விரலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அடித்தட்டு அதற்கு நேர்மாறாகக் கெட்டியாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் சீமைக் கருவேல முள் மெல்லிய ரப்பரைச் சர்வசாதாரணமாகத் துளைத்துக்கொண்டு மேலே வரும். தட்டுகளை ஆணி அடித்துச் சேர்த்த செருப்பு வேண்டாம், ஒட்டியோ தைத்தோ இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் நுழையும் ஹவாய் செருப்பு, அந்த இடுக்கை உரசுவதோடு, நழுவாமல் பிடிக்க விரல்களை மடக்கவும் வைக்கிறது. அதனால் மேல்பாதத்தைச் சுற்றி அகலமான வாரும், இறுக்கித் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோவும், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வாரும் உள்ளதாகப் பாருங்கள்.

பாதம் பகலெல்லாம் கொஞ்சம் வீங்கும் என்பதால் செருப்பு வாங்க மாலையில் போங்கள். வீட்டிலேயே ஒரு வெள்ளைத் தாளில் நின்று, வேறொருவரைப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லி, அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துப்போங்கள். செருப்பின் தட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கமும் உள்ளே வரக்கூடாது. மூடிய ஷூவாக இருந்தால் உள்நீளம் பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள். உணர்வு குறைந்தவர்களுக்கு இறுக்கமான செருப்புதான் கச்சிதமாகத் தோன்றும், ஏனென்றால் அது மட்டும்தான் காலில் இருப்பதாகத் தெரிகிறது. எனவே "நன்றாக இருக்கிறது" என்று நோயாளி சொல்வதை மட்டும் கேட்காமல் தாளையும் பார்க்க வேண்டும். புதிய செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் வீட்டுக்குள் போட்டு, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அந்தச் செருப்பு ஆகாது.

ஒவ்வொரு முறை அணியும் முன்பும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல், ஒடிந்த முள், மடங்கிய உள்தட்டு, குழந்தை போட்ட பொம்மைத் துண்டு எல்லாம் கிடைக்கும். காலுறை வெளிர் நிறப் பருத்தியாக இருந்தால் சீழோ இரத்தமோ உடனே தெரியும். தையல் தடித்திருந்தால் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடலாம். மேல் விளிம்பில் இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெளியிலும்

பாதக் காயங்கள் நிறைய நடக்கிற இடம் வீடுதான். மேசைக்கால், நிலைப்படி, கீழே விழுந்த ஊசி என்று எதுவும் போதும். வீட்டுக்குள் போடுவதற்கென்று தனியாக ஒரு சோடிச் செருப்பு வைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை; பூசையறைக்குள் செருப்பா என்று தயங்குபவர்கள் அந்த ஓர் அறைக்கு மட்டும் தடித்த காலுறை வைத்துக்கொள்ளலாம். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கணுக்காலின் வெளிப்புற எலும்பு தரையில் அழுந்தி அங்கே காய்ப்பும் புண்ணும் வரும். நாற்காலியில் உட்காருங்கள், அல்லது கனமான மெத்தை போட்டு அடிக்கடி கால் மாற்றுங்கள். எலி நடமாட்டமுள்ள வீடுகளில் தரையில் படுக்கக் கூடாது. உறக்கத்தில் எலி விரலைக் கடித்தும் விழிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்ப மறுப்பவர்கள், சர்க்கரைப் பாதச் சிகிச்சை செய்யும் எந்த மருத்துவரையும் கேட்டுப் பார்க்கலாம். கட்டிலில், கொசுவலைக்குள், கால் கழுவிப் படுப்பதே பாதுகாப்பு.

வெளியில் பெரிய எதிரி வெப்பம். சித்திரை, வைகாசி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் ஒரு சுற்று வெறுங்காலோடு சுற்றினாலே உணர்வற்ற உள்ளங்கால் கொப்பளித்துவிடும். விடிகாலையிலோ மாலை மங்கிய பிறகோ தரிசனத்துக்குப் போங்கள்; நிர்வாகம் அனுமதிக்கும் இடங்களில் தடித்த பருத்திக் காலுறை அணியுங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்வு குறைந்தவர் அதை வெறுங்காலோடு சுற்றுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். காலணியோடு போகட்டும், இல்லையென்றால் வண்டியில் சுற்றட்டும். வேளாங்கண்ணி நடைபயணத்துக்கும் இதே கணக்குதான். தீமிதியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இருசக்கர வண்டியில் பின்னால் உட்காரும்போது பாதம் சைலன்சரில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பேருந்துகளில் ஓட்டுநர் அருகில் எஞ்சின் மூடியின் மேல் காலை வைத்து உட்காராதீர்கள்.

காயம் பட்டுவிட்டால்

முதலில் அந்தக் காலை ஊன்றுவதை நிறுத்துங்கள். காயத்தைச் சுத்தமான ஓடும் நீரிலோ உப்புக் கரைசல் மருந்திலோ கழுவி, மருந்துக்கடையில் விற்கும் கிருமி நீக்கிய கட்டுத்துணியால் மூடி, இறுக்காமல் காகிதப் பட்டையால் ஒட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். விரலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போடாதீர்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு, பற்பசை, சாம்பல் என்று வீடுகளில் போடப்படும் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். இவை கிருமியைக் கொண்டுவருவதோடு, புண்ணின் நிறத்தையும் மறைத்துவிடும். நீர் கலக்காத டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையும் புதிதாக வளரும் திசுவை எரித்துவிடும். ஆழமாக இறங்கிய ஆணியையோ முள்ளையோ தோண்டி எடுக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிட்டு, 24 மணி நேரத்துக்குள் போய்க் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது என்பதையும் சொல்லுங்கள்.

காயத்தைச் சுற்றிச் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, புண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, துர்நாற்றம், சீழ், கருமை, காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ, சர்க்கரை அளவு காரணமின்றி எகிறினாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் இரவானாலும் 108 வண்டியை அழைத்தாவது மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி பாதத்தின் உள்ளறைகளில் பரவ ஒரே இரவு போதும்.

காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாவதும் உண்டு. வலி சொற்பமாகவோ இல்லாமலோ இருப்பதால், சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்து நீவிவிடச் சொல்வார்கள். உணர்வற்ற பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதத்தின் தொடக்கமும் இப்படித்தான் இருக்கும். அந்தக் காலோடு நடக்கும் ஒவ்வோர் அடியும் பாதத்தின் வளைவை உடைக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல், காலை ஊன்றாமல், அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், படம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும் வீக்கமும் சூடும் குறையாதவரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

புண் ஆறிக்கொண்டிருக்கும்போது

மருந்தும் கட்டும் சரியாக இருந்தும் உள்ளங்கால் புண் ஆறாமல் இழுப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், நோயாளி அதன் மேலேயே நடப்பதுதான். வலித்தால் யாரும் நடக்க மாட்டார்கள்; வலிக்காததால் "இதோ பக்கத்துக் கடைவரை" என்று கிளம்பிவிடுகிறார்கள். மாவுக்கட்டு, கழற்ற முடியாத காலணி, ஊன்றுகோல் என்று மருத்துவர் எதைச் சொன்னாலும் அது குளியலறைக்குப் போகும் நாலு அடிக்கும் பொருந்தும். புகையிலையையும் பீடியையும் இந்தச் சமயத்தில் விடாதவர்களுக்குக் காலுக்கு வரும் இரத்தம் மேலும் குறையும். சர்க்கரை அளவும் கட்டுக்குள் வர வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறிய பின் பலரும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள் மறுபடி வந்துவிடுகின்றன. எனவே இரவுப் பார்வையில் அந்தத் தழும்பை முதலில் பாருங்கள், அதன் சூட்டை மற்றக் காலோடு ஒப்பிடுங்கள், புண் காலத்தில் எடை முழுவதையும் தாங்கிய எதிர்க்காலிலும் புதிய காய்ப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். புண் வரக் காரணமாக இருந்த செருப்பு பெரும்பாலும் வாசலிலேயே கிடக்கும். அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பாத அளவெடுத்துச் செய்த செருப்பு வந்த பிறகே வெளியில் நடக்கத் தொடங்குங்கள். மருத்துவரிடம் அடுத்த சந்திப்பு நாளையும் அன்றே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.